‘இல்லை’ என்று சொல்லும் முன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

வேலையில் சேர்ந்த சேதி கேட்டு மகிழ்ச்சி. துறைமுகத்துக்குள் போகிற டிரெய்லர்களுக்கும் டிரைவர்களுக்கும் கேட் அனுமதி கொடுக்கும் மென்பொருளில், பெயர் தேடும் பகுதியை உன்னிடம் ஒப்படைத்திருப்பதாக எழுதியிருந்தாய். “டைரக்டரியில் பெயர் கிடைக்காவிட்டால் ஒரு எர்ரர் மெசேஜ் போட்டால் போதாதா அண்ணா?” என்றும் கேட்டிருந்தாய். இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

போதாது. பெயர் கிடைக்காமல் போவதற்கு ஐந்தாறு காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் ‘இல்லை’. மற்றதெல்லாம் ‘தெரியவில்லை’. ‘தெரியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று மாற்றிச் சொல்லும் நிரல்தான் நம் தொழிலில் அதிகக் கெடுதல் செய்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மீதியெல்லாம் விளக்கம்.

தபால்காரர் இதை நம்மைவிட நன்றாகச் செய்கிறார். ராயபுரம் 600013-க்கு வந்த கடிதத்தைக் கொடுக்க முடியாவிட்டால், உறையின் மேல் காரணத்தை எழுதித் திருப்புவார்: அப்படி ஒருவர் இல்லை, வீடு மாறிப் போய்விட்டார், கதவு பூட்டியிருக்கிறது, வாங்க மறுத்துவிட்டார், முகவரி போதாது. ஐந்தும் ‘கொடுக்கவில்லை’தான். ஆனால் அனுப்பியவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது ஐந்துக்கும் வேறு வேறு. உன் நிரல் கொடுக்கிற பிழையும் அப்படி அடுத்த வேலையைச் சொல்ல வேண்டும்.

டைரக்டரியைக் கேட்க நீ பயன்படுத்தும் எல்டாப் நெறிமுறை இந்தக் காரணங்களை எண் போட்டே தருகிறது. 32 என்றால் கேட்ட இடத்தில் அப்படி ஒரு பதிவு இல்லை. 34 என்றால் நீ பெயரை எழுதிய முறையே தவறு. 10 என்றால் இங்கே இல்லை, வேறொரு சர்வரைக் கேள். 49 என்றால் உன் அடையாளம் செல்லாது; 50 என்றால் பார்க்க உனக்கு உரிமை இல்லை. 51 என்றால் சர்வருக்கு இப்போது வேலை அதிகம். 52 என்றால் அது இப்போது சேவையில் இல்லை. 2006-இல் வெளியான ஆர்எஃப்சி 4511 என்ற நெறிமுறை ஆவணத்தில் இந்தப் பட்டியல் முழுதாக இருக்கிறது. ஒரு மாலையில் படித்துவிடலாம்; அவசியம் படி.

சர்வர் இவ்வளவு பிரித்துச் சொன்னதை நாம் என்ன செய்கிறோம் என்று பார். ஜாவாவில் இந்தப் பிழைகள் எல்லாம் ‘நேமிங் எக்ஸப்ஷன்’ என்ற ஒரே தாயின் பிள்ளைகள். அந்தத் தாயை மட்டும் ‘கேட்ச்’ செய்து, உள்ளே ‘நல்’ என்று திருப்பி அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போவோம். அந்த ஒரு வரியில் பெயர் இல்லாததும், சர்வர் படுத்துக்கிடப்பதும், நம் கடவுச்சொல் காலாவதியானதும் ஒன்றாகிவிடுகின்றன. கேட்டில் இருக்கும் பணியாளரின் திரையில் எல்லாமே ‘டிரைவர் பதிவு இல்லை’ என்றுதான் தெரியும். பெயர் இல்லாததற்கு ஒரு ‘கேட்ச்’, சர்வரை எட்ட முடியாததற்கு ஒன்று, அனுமதி மறுப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுது. நாலு வரி கூடும், அவ்வளவுதான்.

32 வரும்போது இன்னொன்றும் சேர்ந்து வரும். பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. நீ கேட்ட பெயரில் எதுவரை சரியாகப் பொருந்தியது என்பதையும் சர்வர் சொல்கிறது. இதன் அருமை நம் வட்டாரத்துக்கு நன்றாகப் புரியும். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் தனி நகராட்சிகளாக இருந்து 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அப்போதும் அவை திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தன. 2018-இல் சென்னை மாவட்டத்தின் எல்லை விரிந்தபோதுதான் திருவொற்றியூர் வட்டம் சென்னைக்குள் வந்தது. கிடங்குகளை மாவட்டவாரியாக அடுக்கிய டைரக்டரி ஒன்று இருந்தால், அங்கிருக்கும் எண்ணூர்க் கிடங்கு இடம் நகராமலே அதன் முழுப்பெயர் மாறியிருக்கும். பழைய பெயரை நிரலுக்குள் எழுதிவைத்தவருக்கு மறுநாள் 32 வரும். ‘திருவள்ளூர் வரை சரி, அதற்குக் கீழே எண்ணூர் இல்லை’ என்று லாகில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் காரணம் பிடிபடும். வெறும் ‘கிடைக்கவில்லை’ என்றிருந்தால் ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான்.

அதனால் மாறக்கூடியதைச் சாவியாக வைக்காதே. மதராஸ் 1996-இல் சென்னை ஆனது. சென்ட்ரல் ரயில் நிலையம் 2019-இல் எம்ஜிஆர் பெயரைப் பெற்றது. ரயில்வே குறியீடு இன்றும் எம்ஏஎஸ்தான். எண்ணூர் துறைமுக நிறுவனம் 2014-இல் காமராஜர் துறைமுகம் ஆனது. சுங்கத்துறை ஆவணங்களில் அதன் குறியீடு இன்னும் எண்ணூரைத்தான் சுருக்கிச் சொல்கிறது. கப்பலின் பெயர் கை மாறும்போதெல்லாம் மாறும். ஐஎம்ஓ எண் கப்பலோடு பிறந்து கப்பலோடு போகும். துறைமுகத் தொழில் வெகு காலம் முன்பே கற்றுக்கொண்ட பாடம் இது: கூப்பிடப் பெயர், தேட எண்.

எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். முதல் பத்தையும் கணக்குப் போட்டால் பதினொன்றாவது வர வேண்டும். வரவில்லை என்றால் யாரோ தப்பாகத் தட்டியிருக்கிறார்கள். டைரக்டரியைக் கேட்கவே வேண்டாம். ‘இப்படி ஒரு கன்டெய்னர் இல்லை’ என்பதற்கும் ‘எண்ணைத் தவறாக அடித்திருக்கிறீர்கள், மறுபடி பாருங்கள்’ என்பதற்கும் உள்ள தூரம், ஒரு டிரெய்லர் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் வரிசையை விட்டு ஓரங்கட்டி நிற்கும் தூரம்.

மனிதர்களுக்குச் சரிபார்ப்பு இலக்கம் கிடையாது. அங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் தொடங்குகிறது. எல்டாபில் ஓர் ஆளைப் பதிய, குடும்பப்பெயர் என்ற கட்டம் கட்டாயம். நமக்குக் குடும்பப்பெயர் ஏது? முனுசாமியின் மகன் செல்வம் என்றால், ஒரு கிளார்க் அந்தக் கட்டத்தில் ‘எம்’ என்று போடுவார். இன்னொருவர் ‘முனுசாமி’ என்பார். மூன்றாமவர் ‘செல்வம்’ என்றே இரண்டு கட்டத்திலும் அடித்துவிடுவார். லைசென்ஸில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம். ஆங்கில எழுத்துக்கூட்டலோ அவரவர் விருப்பம்.

தமிழிலேயே பதிந்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதே. ‘கொ’ என்பதில் ககரத்தைச் சுற்றி வரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம்; கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. யூனிகோடு இயல்பாக்கம் செய்தால் இது சரியாகிவிடும். ஆனால் ‘சௌந்தரி’ என்பதைக் கொம்பு போட்டு ‘ள’ சேர்த்து ‘செளந்தரி’ என்று தட்டியிருந்தால் எந்த இயல்பாக்கமும் அதைக் காப்பாற்றாது. திரையில் பெயர் கண் முன்னால் இருக்கும், தேடினால் வராது. இந்த மாதிரி வழக்கமான தட்டச்சுப் பிழைகளுக்கு நீயே ஒரு மாற்றுப்பட்டியல் வைத்துக்கொள்.

பெயரை வைத்துத் தேடும்போது எதிர்ச் சிக்கலும் வரும்: மூன்று செல்வம் கிடைப்பார்கள். அப்போது முதல் ஆளை எடுத்துக்கொள்வது பெரும்பிழை. எல்டாப் பதில்கள் இன்ன வரிசையில்தான் வரும் என்று எந்த உறுதியும் கிடையாது. இன்று முதலில் வந்தவர் நாளை மூன்றாவதாக வருவார். ‘ஒன்றுக்கு மேற்பட்டவர் இருக்கிறார்கள்’ என்பது ஒரு தனிப் பதில். அதை அப்படியே கேட் பணியாளரிடம் கொடு. லைசென்ஸ் எண்ணைக் கேட்டு அவர் முடிவு செய்யட்டும்.

இனி கொஞ்சம் நுட்பமான இடம். தேடல் என்று கேட்டு யாரும் பொருந்தாவிட்டால் எல்டாப் பிழையே தராது. ‘வெற்றி, பதிவு எதுவும் இல்லை’ என்று 0-ஐத் தரும். தேடத் தொடங்கிய கிளையே இல்லாவிட்டால்தான் 32. ஆக 0-க்குப் பின்னால் வரும் வெறுமை ஆளைப் பற்றியது, 32 பெரும்பாலும் உன் அமைப்புக் கோப்பைப் பற்றியது. அந்த 0-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பார்க்க உரிமை இல்லாதவரிடம் ‘அனுமதி இல்லை’ என்று சொன்னாலே அப்படி ஒருவர் இருப்பது வெளிப்பட்டுவிடும் என்பதால், பல சர்வர்கள் ஒன்றுமே இல்லாதது போலக் காட்டிக்கொள்ளும். நிச்சயமாக இருக்கிற ஒரு சோதனைப் பதிவை வைத்துக்கொண்டு, நிரல் பயன்படுத்தும் அதே கணக்கில் அவ்வப்போது தேடிப் பார். அதுவும் காணவில்லை என்றால் கோளாறு உன் உரிமையில்.

‘இல்லை’ என்பதற்கு ஆயுளும் உண்டு. கணினிகளின் பெயரைத் தேடித்தரும் டிஎன்எஸ்ஸில் இல்லாத பெயரைக் கேட்டால், ‘இல்லை’ என்ற பதிலையும் இடையிலுள்ள சர்வர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும். 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2308 இதற்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஏற்றது என்கிறது. சர்வர் பழுது என்ற பதிலை ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ‘இல்லை’க்கு மணிக்கணக்கு, ‘தெரியவில்லை’க்கு நிமிடக்கணக்கு, எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். புதிய கேட் கணினியின் பெயரைப் பதியும் முன்பே அவசரப்பட்டு ஒருமுறை கேட்டுவிட்டால், பதிந்த பிறகும் வெகு நேரம் ‘இல்லை’ என்றே வரும். முதலில் பதி, பிறகு கேள். லினக்ஸில் பயனர் பெயர்களைத் தேடித்தரும் எஸ்எஸ்எஸ்டி 15 நொடியும், ஜாவா 10 நொடியும் இயல்பாக ‘இல்லை’யை நினைவில் வைக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். டைரக்டரியின் நகல் சர்வர் சொல்லும் ‘இல்லை’யும் சில நேரம் ‘எனக்கு இன்னும் வந்து சேரவில்லை’ என்பதுதான். காலையில் சேர்த்த டிரைவர் கிடைக்கவில்லை என்றால் மூல சர்வரை ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு சொல்.

மறுபடி கேட்பதற்கும் முறை இருக்கிறது. ‘இல்லை’ என்ற பதிலுக்குத் திரும்பத் திரும்பக் கேட்பது வீண். ‘எட்டவில்லை’ என்றால் கேட்கலாம். ஆனால் இடைவெளியை ஒவ்வொரு முறையும் கூட்டி, எல்லா இயந்திரமும் ஒரே நொடியில் கேட்காதபடி கொஞ்சம் கலைத்துவிட்டுக் கேள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்தது. அதன் டிஎன்எஸ் சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன; அவற்றுக்குப் போகும் வழியைச் சொல்லும் இணைய அறிவிப்புதான் விலக்கப்பட்டுவிட்டது. பதில் வராத செயலிகளும் மனிதர்களும் விடாமல் கேட்டதில், கிளவுட்ஃபிளேரின் பொது டிஎன்எஸ் சேவைக்கு வழக்கத்தைவிட 30 மடங்கு கேள்விகள் வந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. நம் ஊரில் 2016 டிசம்பரின் வர்தா புயலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் மின்சாரத்தையும் இணைப்பையும் எப்படி அறுத்துப் போட்டன என்று உனக்கே தெரியும். இணைப்பு திரும்புகிற நிமிடத்தில் எல்லா கேட்டும் சேர்ந்து சர்வர் மேல் விழுந்தால், எழுந்த சர்வர் மறுபடி படுத்துவிடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானதைக் கடைசியில் சொல்கிறேன். ராத்திரியில் ஓடி, டைரக்டரியில் இல்லாதவர்களின் கேட் பாஸை ரத்து செய்யும் நிரல் பல நிறுவனங்களில் இருக்கும். அங்கே பிழையை வெற்றுப் பட்டியலாக மாற்றினால், சர்வர் படுத்த ஒரு ராத்திரியில் எல்லோர் பாஸும் போய்விடும். பாதிப் பட்டியலும் அதே அளவு விஷம். ஆக்டிவ் டைரக்டரி ஒரு கேள்விக்கு இயல்பாக 1000 பதிவுதான் தரும். கூடவே 4 என்ற எண்ணைப் போட்டு ‘இன்னும் இருக்கிறது’ என்று சொல்லும். அந்த 4-ஐப் பார்க்காதவனுக்கு 1001-ஆவது ஆள் வேலையை விட்டுப் போனவர். எதையும் நீக்குவதற்கு முன் பட்டியல் முழுசாக வந்ததா என்று கேள். வழக்கத்துக்கு மாறாக அதிகம் பேர் நீங்குவதாகத் தெரிந்தால் நிரல் நின்று மனிதரைக் கூப்பிடட்டும்.

பிழைச் செய்தியை இரண்டு பேருக்காக எழுது. லாகைப் படிக்கப் போகிற பொறியாளருக்கு: எந்தப் பெயரைத் தேடினாய், எந்த சர்வரில், எந்தக் கிளையில், எதுவரை பொருந்தியது, என்ன எண் வந்தது. கேட்டில் இருப்பவருக்கு: அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு வரி, அதுவும் தமிழில். வெளியிலிருந்து லாகின் செய்பவருக்கு மட்டும் ‘பெயர் அல்லது கடவுச்சொல் தவறு’ என்பதற்கு மேல் எதையும் சொல்லாதே. எந்தப் பெயர் இருக்கிறது என்று துழாவுகிறவனுக்கு அது துப்பு. வித்தியாசம் லாகில் இருந்தால் போதும்.

நம் நிரலின் பிழைக்கு நாம் விலை கொடுப்பதில்லை. எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசையில் நின்று, முறை வந்த பிறகு ‘உன் பெயர் இல்லை’ என்று திருப்பி அனுப்பப்படுகிற டிரைவர்தான் கொடுக்கிறார். அவருக்குப் போகிற நேரம் போனதுதான். கன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டால் பேச்சும் அவர்தான் வாங்குவார். தன் பெயர் இருக்கிறது என்று நிரூபிக்க அவரிடம் ஒரு வழியும் இல்லை. திரை சொன்னதே தீர்ப்பு.

ஆகவே உன் நிரலை வெளியே விடும் முன் மூன்று சோதனை செய். சர்வரை நிறுத்திவிட்டுத் தேடு. கிளையின் பெயரைத் தவறாகக் கொடுத்துத் தேடு. உண்மையிலேயே இல்லாத ஒருவரைத் தேடு. மூன்றுக்கும் ஒரே செய்தி வந்தால் வேலை முடியவில்லை. மேலாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அன்று அதை வெளியே விடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்,
ராயபுரம்.