பால் திரிந்ததா, திரைந்ததா?

கேள்வி: பால் கெட்டுப்போனால் என் மாமியார் 'தெரஞ்சுபோச்சு' என்பார். நான் 'திரிஞ்சுபோச்சு' என்று சொல்லிப் பழகியவள். எது சரி என்று மகள் கேட்டாள். அகராதியைப் புரட்டினேன். 'திரை' என்பதற்குக் கடலலை, தோல் சுருக்கம், தொங்கவிடும் சீலை, பால் கெடுவது என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்களைக் கொடுத்திருக்கிறார்கள். இவையெல்லாம் ஒரே சொல்தானா? அலையும் திரையும் ஒன்றா? திரை வடசொல் என்றும் ஒருவர் சொல்கிறார்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. இரண்டும் வெவ்வேறு வினைச்சொற்கள். பால் கெடுவதைச் சொல்ல இரண்டுமே பொருந்துவதால்தான் இந்தக் குழப்பம்.

நீங்கள் சொல்வது திரிதல். தன் இயல்பிலிருந்து மாறுவது என்பது அதன் பொருள்களில் ஒன்று. புணர்ச்சி விகாரங்களை நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாகப் பிரிப்பதை உங்கள் மகள் பள்ளியில் படித்திருப்பாள். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகத் திரிகிறது. திரிபு, திரிசொல் எல்லாம் அந்த வழி வந்தவை. பால் பாலாக இல்லாமல் வேறொன்றாகிவிட்டது என்று நீங்கள் சொல்கிறீர்கள்.

மாமியார் சொல்வது திரைதல். சொல்லின் முதலில் இகரம் வந்து, அடுத்து அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சுத் தமிழில் அந்த இகரம் எகரமாகிவிடும். இலை 'எல' ஆகிறது, விலை 'வெல' ஆகிறது, நிறைய 'நெறய' ஆகிறது. அதே வழக்கப்படிதான் திரைந்து 'தெரஞ்சு' ஆகிறது. திரிந்து என்பதில் இரண்டாவது உயிரும் இகரமே என்பதால் அது 'திரிஞ்சு' என்றே நிற்கும். ஆகவே மாமியாரின் 'தெ' கொச்சை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் சொல்வது வேறு சொல் என்பதற்கு அந்த ஓரெழுத்தே சாட்சி.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். காய்ச்சிய பால் ஆறி, மேலே ஆடை படிந்திருக்கும்போது, கரண்டி முனையால் ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளிப் பாருங்கள். வழவழவென்று விரிந்து கிடந்த ஆடை வரிவரியாக எழும்பிச் சுருங்கி ஒரு பக்கம் ஒதுங்கும். பரந்து கிடக்கும் ஒரு பரப்பு இப்படிச் சுருங்கி மடிப்பு மடிப்பாக எழுவதுதான் திரைதல். உங்கள் அகராதி தரும் பொருள்கள் எல்லாம் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடும் என்பது என் துணிபு.

வயதானால் தோல் இறுக்கம் இழந்து மடிப்பு விழுகிறது, அது திரை. நரை, திரை, மூப்பு என்று அடுக்கும்போது வருவது இந்தத் திரைதான். காற்றடிக்கும்போது கடல் பரப்பு வரிவரியாக எழுகிறது, அதுவும் திரை. 'திரைகடல்' என்றால் மடிப்பு மடிப்பாக எழும் கடல். பால் புளிக்கும்போது அதிலுள்ள கேசின் என்ற புரதத்தின் துகள்கள், பி.எச். 4.6 என்ற அளவை நெருங்கியதும் ஒன்றோடொன்று ஒட்டித் தண்ணீரைப் பிரித்துவிட்டுக் கட்டிகட்டியாகின்றன. பரவிக் கிடந்தது சுருங்கிச் சேர்ந்துவிட்டது. மாமியார் பார்ப்பது அதை.

சீலைக்கு இந்தப் பெயர் வந்த வழியும் இதுதான். திரைத்தல் என்ற பிறவினை சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் உண்டு. பையின் வாயைச் சுருக்குவது, உடுத்திய துணியைக் கொசுவி மடிப்பது, அதைத் தூக்கிச் செருகுவது எல்லாம் திரைத்தலே. ஒரு சீலையைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு ஒரு பக்கம் இழுத்தால் அது சுருங்கி மடிப்பாகிறது. மறைப்பது அதன் பயன். மடிவது அதன் இயல்பு. பெயர் இயல்பைப் பார்த்து வந்திருக்கிறது.

இப்போது அலைக்கு வருகிறேன். உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அலை என்பது முதலில் ஒரு வினை. நிலைகொள்ளாமல் அசைவது, ஓரிடத்தில் தங்காமல் சுற்றுவது. வேலை தேடி அலைகிறான், அலுவலகத்தில் அலைக்கழிக்கிறார்கள், வெயிலில் அலைச்சல், மனம் அலைபாய்கிறது என்று எங்கே தொட்டாலும் ஓய்வின்மைதான் தெரியும். துணியை அலசுகிறோம், பாத்திரத்தை அலம்புகிறோம் என்பவையும் தண்ணீரில் அசைத்துக் கழுவுவதைக் குறிப்பதால் இந்தக் குடும்பத்துச் சொற்களாகவே தோன்றுகின்றன. 'அலைந்து திரிந்து' என்று சேர்த்துச் சொல்கிறோமே, அதில் இருப்பது உங்கள் 'திரி'. சுற்றி வருவது என்ற அதன் இன்னொரு பொருள்.

ஆக, ஒரே கடலைப் பார்த்து நம்மவர்கள் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் அசைவைப் பார்த்தவர்கள் அலை என்றார்கள். அதன் உருவத்தைப் பார்த்தவர்கள் திரை என்றார்கள். சோதித்துப் பாருங்கள். மனம் அலைபாயும், திரைபாயாது. முகத்தில் திரை விழும், அலை விழாது. நிகண்டுகள் இரண்டையும் ஒரு பொருட் சொற்களாகச் சேர்த்துவைப்பது கடலைப் பொறுத்தவரை சரி. கடலை விட்டுக் கரையேறினால் இரண்டும் தனித்தனி வழியில் போய்விடும். 'அலையலையான கூந்தல்' என்கிறோமே, அது உருவம்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். திரை என்ற சொல் கடலைக் குறிக்கும் பேச்சுவழக்கிலிருந்து விலகிப்போனதால் அதன் வேலையில் ஒரு பகுதியை அலை எடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் இயற்பியலும் சுவையாக ஒன்று சொல்கிறது. ஆழ்கடலில் மிதக்கும் கட்டுமரத்தை அலை கடந்து போகும்போது மரம் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். நீர்த்துளிகள் கிட்டத்தட்ட வட்டமாகச் சுழன்று பழைய இடத்துக்கே வருகின்றன. கரையை நோக்கி ஓடுவது மேடும் பள்ளமுமான அந்த உருவம் மட்டும்தான். அப்படியானால் ஓடுவது திரை, அலைவது நீர். பாடநூல்கள் அலைநீளம், அலைவு நேரம், அலைவரிசை என்று அலையைத்தான் தேர்ந்தெடுத்தன. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு ஊரெல்லாம் பரவிய ஆழிப்பேரலை என்ற சொல்லும் அதே வழிதான்.

நமக்குப் பேச்சில் மறைந்த பொருள் அண்டை வீட்டில் உயிரோடு இருக்கிறது. மலையாளத்தில் கடலலைக்கு இன்றும் அன்றாடச் சொல் 'திர', 'திரமால'. கன்னடத்தில் 'தெரெ' என்றால் அலை, சுருக்கம், சீலை மூன்றும். நாம் நரை, திரை என்பதைப் போல அவர்கள் 'நெரெ', 'தெரெ' என்பார்கள். 12ஆம் நூற்றாண்டின் பசவண்ணர் முதுமையைப் பற்றிய வசனத்தில் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். தெலுங்கில் 'தெர'. கவனித்தீர்களா, கன்னடத்திலும் தெலுங்கிலும் உங்கள் மாமியாரின் 'தெ'! வெள்ளித்திரையை அவர்கள் முறையே பெள்ளிதெரெ என்றும் வெண்டிதெர என்றும் சொல்கிறார்கள்.

வடசொல்லா என்ற கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது. வடமொழியில் திரைச்சீலைக்கு 'திரஸ்கரிணீ' என்ற சொல் உண்டு. ஒலி ஒப்புமையால் அந்த எண்ணம் வந்திருக்கும். அதிலுள்ள 'திரஸ்' குறுக்கே, மறைவாக என்று பொருள்படும் சொல். அதைக் கொண்டு சீலையை விளக்கலாம். கடலின் மடிப்பை, தோலின் சுருக்கத்தை, பால் கட்டிப்படுவதை எப்படி விளக்குவது? நான்கு பொருளையும் ஒரு வினையிலிருந்து பெறும் சொல்லுக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் தரும் மூலத்தைத் தேட வேண்டியதில்லை. பரோவும் எமெனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியிலும் (1961) இது தென்மொழி இனச்சொற்களோடு இடம்பெற்றிருக்கிறது.

கடலைக் குறித்த பொருள் எவ்வளவு பழையது என்பதற்கு ஓர் அரசனின் பெயரே போதும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். கடல் திரை கொண்டுவந்து சேர்த்த மரபினன் என்பதால் திரையன். சோழனுக்கும் நாகர் மகளுக்கும் பிறந்த குழந்தை, தொண்டைக்கொடி அடையாளத்தோடு கடல்வழி வந்த கதையை நச்சினார்க்கினியர் உரையில் எழுதிவைத்திருக்கிறார். மேடைச் சீலைக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை வேறு சொல் வைத்திருந்தது: எழினி. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகை. அந்த அழகான சொல் வழக்கொழிந்து, அதன் இடத்தைத் திரை முழுவதுமாக எடுத்துக்கொண்டது.

பிறகு சினிமா வந்தது. படம் காட்டக் கட்டிய வெள்ளைத் துணியும் திரை என்றே பெயர் பெற்றது. அந்தத் துணியில் மட்டும் மடிப்பு இருக்கவே கூடாது. ஒரு சுருக்கம் விழுந்தாலும் நாயகியின் முகம் கோணிவிடும். அங்கிருந்து சின்னத்திரை, கைப்பேசியின் தொடுதிரை. கண்ணுக்குள் ஒளியை வாங்கும் படலத்துக்கும் விழித்திரை என்று பெயர் வைத்துவிட்டோம். கண்ணாடித் தகடு மடியாது, திரையாது. ஆனாலும் பெயர் அதுதான். மடிப்பு என்ற பழைய பொருளைப் பேச்சில் இன்றும் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் பாலைப் பார்த்து 'தெரஞ்சுபோச்சு' என்கிறவர்கள்தாம். உங்கள் வீட்டில் அதைத் திருத்தாமல் இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மகள் கட்டுரையில் எழுதும்போது 'பால் திரிந்தது' என்றோ 'பால் திரைந்தது' என்றோ எழுதலாம். மாமியாரின் ஒலிப்பைக் கேட்டு 'பால் தெரிந்துவிட்டது' என்று மட்டும் எழுதிவிட வேண்டாம்; அது புலப்படுவதைக் குறிக்கும் மூன்றாவது வினை.