ஏரியும் ஏறும்

சோழவரம் ஏரியைச் சூழ்ந்த ஊர்களில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே செவியிற்படும். இவ்விரு மொழிகளும் ஓரினத்தன என்பதைச் சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை 1816-லும், கால்டுவெல் ஐயர் 1856-லும் எடுத்துக்காட்டினர். ஆயினும், உடன்பிறந்த மொழிகளில் ஒலியொத்தன யாவும் ஒரு சொல்லாகா. ஒலி வேறுபட்டன யாவும் வேற்றுச் சொல்லுமாகா. இவ்வுண்மையை நீர்நிலைப் பெயர்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தெலுங்கில் 'ஏரு' என்பதொரு சொல். கேட்டமாத்திரத்தில் நம் ஏரியே எனத் தோன்றும். பொருளோ ஆறு என்பதாம். பழைய தெலுங்கெழுத்தில் இது வல்லின றகரம் பெற்று 'ஏறு' என நிற்கும். தமிழில் ஆறு என்பதன் தொல்வடிவம் யாறு. யானை ஆனையாகவும், யாண்டு ஆண்டாகவும் யகரம் கெட்டு வழங்குதல் போலவே யாறும் ஆறாயிற்று. தெலுங்கிலோ அவ் 'யா' ஏகாரமாயிற்று: யானைக்கு ஏனுகு, யாண்டுக்கு ஏடு, யாற்றுக்கு ஏறு. மூன்றும் ஒரே நெறியில் நிற்றலின் இது தற்செயலன்று. ஆதலின் 'ஏறு' ஆற்றின் உடன்பிறப்பேயன்றி ஏரிக்கு உறவன்று. ஏரிக்கு உறவாவது கன்னடத்து 'ஏரி'; அஃது ஆங்கு நீரைத் தாங்கும் கரையைக் குறிக்கும்.

இனி, ஏரியைத் தெலுங்கர் 'செருவு' என்பர். கன்னடர் 'கெரெ' என்பர். இவற்றின் தமிழினம் யாது? 'சிறை' என்பதே. கன்னடக் ககரம் தமிழிற் சகரமாதலைக் கிவி - செவி, கேரி - சேரி என்பவற்றாலும் அறியலாம். சிறை என்பதற்கு அணை, கரை என்னும் பொருள்களும் உள. மலையாளத்துச் 'சிற' இன்றும் குளத்தையும் அணையையும் குறிக்கும். ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துதலே இச்சொல்லின் கருப்பொருள்.

இவ்வியல்பு நம் நாட்டிற்கே உரியதன்று. 'ஜிவோத்' என்னுஞ் சொல் உருசியருக்கு வயிறு, பல்கேரியருக்கு வாழ்க்கை. வாழ்தற் பொருட்டாகிய ஒரே வேர் இரு கிளையாய்ப் பிரிந்தது. வடமொழி 'ஜீவ' என்பதும் அவ்வேரினதே.

1983-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, 1996 முதல் ஆந்திரத்துக் கண்டலேறு அணையினின்று கிருஷ்ணை நீர் பூண்டிக்கு வருகின்றது. பூண்டியினின்று சோழவரத்திற்கும் கால்வாய் உண்டு. கண்டலேறு என்னும் பெயரின் ஈற்றில் நிற்பது ஏரியன்று, ஆறே என்பது இப்பொழுது விளங்கும். அயலார் மொழியை அரைகுறையாகக் கேட்டுப் பொருள்கொள்வோன், ஆற்றை ஏரியென்பான், உறவினரை அயலாரென்பான். ஆதலின் மாணவர்காள், ஓசையொன்றையே நம்பாது, ஒரு நெறியில் நிற்கும் சொற்கள் மூன்று நான்கினை அடுக்கிப் பார்த்தே உறவு துணிக. அண்டை வீட்டார் மொழியைக் கற்பின், நம் மொழியின் மறந்த பொருள்களும் நமக்கு மீளும்.