கணிப்பொறியில் தேர் ஏன் திக்குகிறது?

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நின்று, வடம் பிடிப்போரையும் அசைந்து வரும் ஆண்டாள் தேரையும் உங்களுள் சிலர் கைப்பேசியில் படம் பிடித்திருப்பீர்கள். கைப்பேசியில் அந்தப் படம் தடையின்றி ஓடுகிறது. அதையே கணிப்பொறியில் ஏற்றி, வேண்டாத பகுதிகளை வெட்டி ஒட்டத் தொடங்கினால், தேர் திக்கித் திக்கி நகர்கிறது! "பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போடு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வீட்டுப் பணத்தை எடுக்குமுன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

4கே எனப்படும் படத்தின் ஒரு பிரேமில் 3840 × 2160, அதாவது 82,94,400 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள் வைத்தால், ஒரு பிரேமுக்கு ஏறத்தாழ 25 மெகாபைட் வரும். விநாடிக்கு 30 பிரேம்கள் வீதம் ஒரு நிமிடத்திற்கு 45 கிகாபைட்! ஆனால் கைப்பேசியில் ஒரு நிமிடப் படம் சில நூறு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. மற்றதெல்லாம் எங்கே போயிற்று?

கைப்பேசியை அசைக்காமல் கோபுரத்தைப் படம் பிடிப்பதாகக் கொள்ளுங்கள். அடுத்தடுத்த பிரேம்களில் கோபுரம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு புறாக்கள் மட்டும் பறக்கின்றன. ஆகவே முதல் பிரேமை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்தவற்றில் எது மாறியது, எது எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் எழுதினால் போதுமல்லவா? எச்.264 (2003), எச்.இ.வி.சி. (2013) ஆகிய சுருக்க முறைகளின் அடிப்படை இதுவே. முழுப் பிரேம் அவ்வப்போதுதான் வரும். இடையில் வருபவை எல்லாம் வேறுபாட்டுக் குறிப்புகள்.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. படத்தை வரிசையாகப் பார்க்கும்போது குறிப்புகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். வெட்டி ஒட்டுபவர் அப்படிப் பார்ப்பதில்லை. முன்னும் பின்னும் தாவுகிறார். அவர் 29 ஆவது பிரேமில் கை வைத்தால், கணிப்பொறி முதல் முழுப் பிரேமுக்குப் போய், இடைப்பட்டவற்றை விரித்துக்கொண்டு வந்தால்தான் அது கிடைக்கும். ஒரு பிரேம் பின்னால் தள்ளினால் மறுபடியும் அதே வேலை!

இப்போது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள இராஜபாளையத்துக்கு வாருங்கள். 1936 இல் இராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட இவ்வூர் நூற்பாலைகளுக்குப் பெயர் பெற்றது. பஞ்சு புளோ ரூம், கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ் எனப் பல கட்டங்களைக் கடந்துதான் ஸ்பின்னிங் எந்திரத்தில் நூலாகிறது. கார்டிங்கில் போதிய பஞ்சு தயாராகவில்லை என்றால், ஸ்பின்னிங்கில் ஆயிரம் கதிர்களைக் கூட்டியும் பயனில்லை. அவை சும்மா நிற்கும். படமும் இப்படித்தான் கட்டம் கட்டமாக வருகிறது. சேமிப்பகம் கோப்பைத் தருகிறது, விரிப்பான் பிரேம்களாக்குகிறது, நினைவகம் அவற்றைத் தாங்குகிறது, கிராபிக்ஸ் பகுதி நிறம் மாற்றிக் காட்டுகிறது.

எந்தக் கட்டம் பின்தங்குகிறது? ஒரு நிமிடத்திற்கு 350 மெகாபைட் என்றால் விநாடிக்கு 6 மெகாபைட்தான். பழைய ஹார்டு டிஸ்க்கே விநாடிக்கு 100 மெகாபைட் தரும்! நான்கைந்து கோப்புகளுக்கிடையே தாவும்போது மட்டும் அதன் ஊசிமுனை அலைய வேண்டியிருக்கிறது, அதற்கு எஸ்.எஸ்.டி. நல்லது. நினைவகத்தில் விரித்த பிரேம்கள் 40 வைத்தாலே ஒரு கிகாபைட் ஆகிவிடும். ஆகவே 4கே வேலைக்கு 16 கிகாபைட் தேவை என்பேன். கிராபிக்ஸ் கார்டு நிறத் திருத்தத்துக்கும் படத்தின் மேல் படம் வைப்பதற்கும் பெரிதும் உதவும். வெறுமனே வெட்டி ஒட்டுவதற்கு அதன் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும்.

பெரும்பாலும் பின்தங்குவது விரிப்பான்தான். இதற்கெனத் தனி மின்சுற்று உண்டு. 2011 இல் இன்டெல் தன் செயலிகளுக்குள்ளேயே 'குவிக் சிங்க்' என்ற பெயரில் அதைச் சேர்த்தது. ஆனால் 2013 இல் வந்த எச்.இ.வி.சி. முறையை அந்த 2011 சுற்று எப்படி அறியும்? அப்போது பாரம் முழுவதும் பொதுச் செயலியின் தலையில் விழுகிறது. எனவே கணிப்பொறி வாங்கும்போது, "உங்கள் கைப்பேசி எழுதும் கோப்பு முறையை விரிக்கும் சுற்று இதில் உண்டா?" என்பதை முதலில் கேளுங்கள். விலைப்பட்டியலில் இது கொட்டை எழுத்தில் இருக்காது.

ஏற்கெனவே உள்ள கணிப்பொறியைச் சோதிக்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, டைம்லைனில் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். செயலி 100 விழுக்காட்டைத் தொட்டு நிற்க, டிஸ்க் ஓய்ந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது.

அதற்கும் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கேடென்லைவ், ஷாட்கட் போன்ற இலவச மென்பொருள்கள் 'பிராக்ஸி' என்னும் வேலைப் பிரதியைத் தயாரிக்கும். 960 × 540 அளவுள்ள பிரதியில் புள்ளிகள் பதினாறில் ஒரு பங்குதான். அதன் மேல் வெட்டி ஒட்டுங்கள். பழைய கணிப்பொறியிலும் தேர் சீராக ஓடும். முடித்ததும் இறுதிப் படத்தை மென்பொருள் மூலக் கோப்பிலிருந்தே ஆக்கித் தரும். அதற்கு நேரம் பிடிக்கும். ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்.