கறியே தின்று வளர்ந்த குட்டிக்குக் கால் துவள்வது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டுப் பெண் பூனைக்குட்டிக்கு ஐந்து மாதம் ஆகிறது. பத்து நாளாகப் பின்னங்கால்களைச் சரியாக ஊன்றுவதில்லை. நாலடி நடந்ததும் உட்கார்ந்துவிடுகிறது, தூக்கினால் கத்துகிறது. வீட்டைவிட்டு வெளியே போனதில்லை, விழுந்து அடிபட்டதாகவும் தெரியவில்லை. எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறியும் ஈரலும்தான் சாப்பாடு, வேறெதையும் தொடாது. பக்கத்து வீட்டில் வாதம் என்கிறார்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிடலாமா? கால்சியம் சிரப் கொடுக்கலாமா, டாக்டர்?

- வாசகி, திருநெல்வேலி

பதில்: நீவவே கூடாது. எண்ணெய்ப் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். பின்னங்கால் பாதங்கள் சில்லென்று இருக்கின்றனவா, பாதத்தின் அடிப்பகுதி வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா? அப்படியானால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் திடீரென்று, சில நிமிடங்களில் காலை இழுத்துப் போடும். உங்கள் குட்டிக்குப் பத்து நாளாகத் தொல்லை இருப்பதாலும், நீங்கள் எழுதிய சாப்பாட்டு விவரத்தாலும், என் சந்தேகம் எலும்பின் மேல்தான்.

100 கிராம் கோழிச் சதையில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். கால்சியமோ பத்து, பதினைந்துதான். ஈரலில் இந்த இடைவெளி இன்னும் மோசம். வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய சம அளவில் வேண்டும். எலியைப் பிடிக்கும் பூனை அதை எலும்போடு தின்கிறது. நாமோ பாசத்தில் எலும்பைப் பொறுக்கி எறிந்துவிட்டுத் தருகிறோம். ரத்தத்தில் கால்சியம் குறையப் பார்க்கும்போது பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்து, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கிறது. எலும்பு மெலிந்து, தாவிக் குதித்தாலே பச்சைக் குச்சிபோல் மடங்கி விரிசல் விடுகிறது. முதுகெலும்பு மடங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் கால் உணர்வே போய்விடும். நீவ வேண்டாம் என்றது இதனால்தான்.

"வெயிலில் விட்டால் சரியாகிவிடும்" என்றும் யாராவது சொல்வார்கள். நம் தோலைப்போலப் பூனையின் தோல் வெயிலில் வைட்டமின் டி தயாரிப்பதில்லை. அதற்கு உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

எக்ஸ்ரே அவசியம். உங்கள் ஊர் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே கொண்டுபோகலாம். கையில் தூக்கிப் போகாமல், அடியில் துணி விரித்த அட்டைப்பெட்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

எலும்புக் குறைதான் என்று உறுதியானால், முக்கிய மருந்து உணவுதான். குட்டிப் பூனைகளுக்கென்றே தயாரித்த முழுமையான பாக்கெட் உணவு வாங்குங்கள். முதலில் கறியில் கொஞ்சம் கலந்து, ஒரு வாரத்துக்குள் கறியைக் குறைத்து நிறுத்துங்கள். அடம்பிடிக்கும், அதற்காகப் பட்டினி போட வேண்டாம், இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரல் கெட்டுவிடக்கூடும். முழு உணவு தின்னத் தொடங்கிய பிறகு சிரப் பெரும்பாலும் தேவைப்படாது. அளவு தெரியாமல் ஊற்றினால் கெடுதல். மருத்துவர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று ஓய்வு. குறைந்தது ஒரு மாதம், தாவ முடியாத கூண்டுக்குள் இருக்கட்டும். மணல் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே வலி குறைந்து விளையாடப் பார்க்கும். அந்த நேரத்தில் இரக்கப்பட்டுத் திறந்துவிடுகிறவர்கள்தான் புது முறிவோடு திரும்பி வருகிறார்கள்.

முதுகெலும்பு தப்பியிருந்தால் நன்றாகவே நடக்கும். ஆனால் இடுப்பெலும்பு மடங்கிய நிலையில் இறுகியிருந்தால் மலச்சிக்கல் தொடரலாம், பிரசவமும் ஆபத்து. அதனால், எலும்பு தேறியதும் மருத்துவரைக் கேட்டுக் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள்.