கவுதாரி குறைந்த ஆண்டில் கோட்டைப்பட்டினத்துத் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோட்டைப்பட்டினத்தைச் சுற்றியுள்ள கருவைக்காட்டிலும் தரிசிலும் இந்த ஆண்டு கவுதாரிச் சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பழக்கிய ஆண் கவுதாரியைக் கூண்டில் வைத்து, சுற்றிலும் கண்ணி கட்டிப் பறவை பிடித்தவர் உங்கள் தாத்தா. அவரோடு நடந்து நீங்கள் கற்றது உங்களோடு முடிந்துவிடுமோ என்று கவலைப்படுகிறீர்கள். "பறவையும் இல்லை, சட்டமும் விடாது. இந்தப் பழக்கத்தை எப்படி உயிரோடு வைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கவலை வேறு ஊர்க்காரர்களுக்கும் இருக்கும் என்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பேசி முடித்துவிடுவோம். 1972இல் வந்த காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சில விலங்குகளையும் பறவைகளையும் உரிமம் பெற்று வேட்டையாட இடம் கொடுத்தது. 1991இல் வந்த திருத்தம் அந்தக் கதவை மூடிவிட்டது. சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியால் சுடுவது மட்டும் வேட்டை ஆகாது. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, உயிரோடு பிடிப்பது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை. எனவே கண்ணியை மறுபடி கட்டுவதற்கு நான் வழி சொல்லமாட்டேன். சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லமாட்டேன். பறவை அருகிவரும் ஆண்டில் மிச்சமிருக்கும் ஒரு சோடியையும் பிடித்துவிட்டால், காப்பாற்ற நினைக்கும் பழக்கத்தின் வேரையே நாம் பிடுங்கியவர்கள் ஆவோம்.

ஆனால் உங்கள் தாத்தாவிடம் இருந்தது கண்ணி மட்டும்தானா? யோசித்துப் பாருங்கள். விடியலில் எந்த மேட்டில் ஏறி ஆண் கவுதாரி கத்தும், அதன் எல்லை எந்த வரப்போடு முடிகிறது என்பது அவருக்குத் தெரியும். வேறொரு ஆணின் குரல் தன் எல்லைக்குள் கேட்டால் அது சும்மா இருக்காது, சண்டைக்கு வரும். கூண்டுக் கவுதாரியை வைத்துப் பிடிக்கும் முறை முழுவதும் அந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கிறது. விரட்டினால் முதலில் ஓடும், வேறு வழி இல்லாதபோதுதான் படபடவென்று எழுந்து, தாழப் பறந்து, அடுத்த புதரில் மறையும் என்பது தெரியும். தரையில் மேய்ந்தாலும் இரவில் முள்மரத்தில் அடையும் என்பது தெரியும். மண்குளியல் போட்ட குழியைப் பார்த்தே கூட்டம் எப்போது வந்துபோனது என்று சொல்லியிருப்பார். பல்கலைக்கழகத்தில் பறவையியல் படிக்கிற மாணவர் பல ஆண்டு களத்தில் அலைந்து சேர்க்கும் அறிவு இது. காப்பாற்ற வேண்டியது இதைத்தான்.

இந்தப் பறவைக்கும் நம் கரைக்கும் பழைய தொடர்பு உண்டு. கவுதாரிக்கு அறிவியல் வைத்த பெயரில் இன்றும் புதுச்சேரி இருக்கிறது. கிமெலின் என்ற ஜெர்மானியர் 1789இல் அந்தப் பெயரை வைத்தார். அதற்கும் வெகுகாலம் முன்பே சங்கப் புலவர்கள் கவுதாரியையும் காடையையும் பாடிவிட்டார்கள். கலித்தொகையில் காடைச் சண்டையே வருகிறது. தமிழர் நெடுங்காலம் உற்றுக் கவனித்த பறவை இது. அது குறைகிறபோது நாம் பேசாமல் இருக்கக் கூடாது.

ஏன் குறைகிறது? வேட்டையை மட்டும் காரணமாகச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் விதையும் பூச்சியும் இல்லை. வளர்ந்த கவுதாரி விதையைக் கொத்திப் பிழைத்துக்கொள்ளும். பொரித்த குஞ்சுக்குப் பூச்சி வேண்டும். கறையானும் எறும்பும் வெட்டுக்கிளியும் வேண்டும். மழை கெட்ட ஆண்டில் குஞ்சுகள்தான் முதலில் சாகின்றன. நல்ல மழை பெய்த அடுத்த ஆண்டே கூட்டம் மறுபடி பெருகும் வலு இந்தப் பறவைக்கு உண்டு. ஒரு ஈட்டில் ஆறு ஏழு முட்டை இடும். ஆனால் ஒதுங்க வரப்புப் புல்லும் முட்டையிட மறைவும் இருந்தால்தான் அந்த வலு பயன்படும்.

இங்கே ஒரு வெளிநாட்டு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் 1968 முதல் தங்கள் ஊர்க் கவுதாரியை ஆண்டுதோறும் கணக்கெடுத்து வருகிறார்கள். டிக் பாட்ஸ் என்ற ஆய்வாளர் அதை முன்னின்று நடத்தினார். களைக்கொல்லி அடித்ததும் வயலில் களைச்செடி போயிற்று, அதில் வாழ்ந்த பூச்சி போயிற்று, பூச்சி இல்லாமல் குஞ்சு போயிற்று என்பதை அவர்கள் கண்டறிந்தார்கள். அங்கே வேட்டை சட்டப்படி நடக்கிறது. இருந்தும் வேட்டையை நிறுத்தினால் மட்டும் பறவை திரும்பாது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். வயலின் ஓரத்தில் ஒரு பட்டையை மருந்து அடிக்காமல் விடுங்கள் என்று விவசாயிகளிடம் கேட்டார்கள். விட்ட இடங்களில் குஞ்சுகள் கூடுதலாகப் பிழைத்தன. அந்தப் பாடம் நம் வயலுக்கும் பொருந்தும் என்றே நான் நம்புகிறேன். நம் வரப்பிலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள், கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கிறார்கள், மண் அள்ளும் இயந்திரம் வந்து புதரை வழித்துவிடுகிறது.

அமெரிக்காவில் வேட்டையாட விடுகிறார்களே என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அங்கே 1937இல் வந்த ஒரு சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போகிறது. பறவைகளை மாநில அரசுகள் ஆண்டுதோறும் கணக்கிட்டு, எத்தனை பிடிக்கலாம் என்று சொல்கின்றன. அந்தக் கணக்கும் காவலும் பணமும் சேர்ந்ததால்தான் அங்கே வேட்டை தாங்குகிறது. நம்மிடம் கோட்டைப்பட்டினத்துக் கவுதாரி எத்தனை என்ற கணக்கே கிடையாது. கணக்கு இல்லாத இடத்தில் பிடிக்கும் உரிமை கேட்பது நியாயம் ஆகாது.

பொறுத்திருப்பது உங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கரையில் நிற்கின்றன. 2001இல் தமிழ்நாட்டில் இந்தத் தடை தொடங்கியபோது 45 நாள். 2017 முதல் 61 நாள். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்தில் வலை சீர்செய்து, படகுக்கு வண்ணம் அடித்து, கடன் வாங்கி, மீனின் இனப்பெருக்கத்துக்காகக் காத்திருக்கிறீர்கள். அதே சித்திரை வைகாசியில்தான் உங்கள் ஊர்த் தரிசில் கவுதாரியும் முட்டையிடுகிறது. கடலுக்குக் கொடுக்கிற அந்த மரியாதையைக் கரைக்காட்டுக்கும் கொடுங்கள் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னால், அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

அறிவு மட்டும் போதுமா, அதனால் யாருக்குச் சோறு என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்து வாழ்ந்தவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். 1970களில் அந்த வியாபாரத்துக்குத் தடை வந்ததும் அவர்கள் பிழைப்பு நின்றுபோயிற்று. 1978இல் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிப்போன மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மண்ணில் கிடக்கும் தடத்தைப் படிக்கும் அதே கண்ணுக்குத்தான் அந்த விருது. அந்தக் கண் இப்போது உயிரைக் காக்கிறது.

பறவை பிடிப்பவர்களுக்கும் இப்படி ஒரு வாழ்வு அமைந்திருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து கடலோரமாகவே மணமேல்குடி, சேதுபாவாசத்திரம், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, வேதாரண்யம் என்று போனால் கோடிக்கரை வரும். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறது. வளையம் மாட்ட வேண்டுமானால் பறவைக்குக் காயம் படாமல் பிடிக்கத் தெரிய வேண்டும். அதற்குப் பறவையியலாளர் சாலிம் அலி தேடிப் பிடித்தது பீகாரின் மீர்ஷிகார் சமூகத்தினரை. தலைமுறை தலைமுறையாகச் சந்தைக்குப் பறவை பிடித்தவர்கள் அவர்கள். அவர்களில் அலி உசேன் என்பவரின் கைத்திறன் பறவையியலாளர்கள் நடுவே பெரும் புகழ் பெற்றது. கண்ணியும் வலையும் குரல் போலச் செய்வதும் மாறவில்லை. பிடித்த பறவை சட்டிக்குப் போகாமல், காலில் வளையத்தோடு வானத்துக்குப் போயிற்று. கோடிக்கரையில் வளையமிட்ட உள்ளான் வகைப் பறவைகள் ரஷ்யா வரை போய்த் தகவல் தந்திருக்கின்றன. சாலிம் அலியே சிறுவயதில் துப்பாக்கியால் சிட்டு சுட்டவர்தான். சுட்ட சிட்டு எந்த இனம் என்று கேட்கப் போன இடத்தில் அவர் வாழ்க்கை திசை திரும்பியது.

ஒன்றை மறக்கக் கூடாது. நம் பக்கத்தில் கவுதாரி, காடை பிடிப்பதையே வாழ்வாகக் கொண்டிருந்தவர்கள் நரிக்குறவர்கள். சட்டம் வந்தபோது கண்ணியை வாங்கிக்கொண்டோம். பதிலாகக் கையில் எதையும் கொடுக்கவில்லை. ஊசி மணி, பாசி மணி விற்று, ஊர் ஊராக அலைந்து பிழைத்தார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இருளருக்குக் கிடைத்தது போன்ற ஒரு கூட்டுறவு, ஒரு களப்பணி வேலை, இவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும். இன்னும் காலம் போய்விடவில்லை. பறவைக் கணக்கெடுப்புக்கு ஆள் தேடும்போது முதல் அழைப்பு இவர்களுக்குப் போக வேண்டும், உரிய கூலியோடு.

இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

தாத்தாவுக்குத் தெரிந்ததை எழுதி வையுங்கள், அவர் காலத்து மனிதர்கள் இருக்கும்போதே. எந்த மாதம் கத்தத் தொடங்கும், எந்தக் கண்மாய்க் கரையில் அடையும், எந்த ஆண்டு பெருகியது, எப்போது குறைந்தது என்று கேளுங்கள். கைப்பேசியில் அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். பறவைக் குரலை அவர்கள் வாயால் போலச் செய்வதையும் சேர்த்துப் பதியுங்கள். அதைக் கற்றுக்கொள்ளப் புத்தகம் கிடையாது.

அடுத்து, கணக்கு. விடியலில் ஒரே பாதையில் நடந்து, எத்தனை இடத்திலிருந்து ஆண் கத்துகிறது என்று குறியுங்கள். பறவையைத் தொட வேண்டாம், விரட்ட வேண்டாம், காது போதும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. வனத்துறையும் நீர்ப்பறவை, நிலப்பறவை என்று பிரித்துக் கணக்கெடுக்கிறது. அவற்றோடு உங்கள் குறிப்பைச் சேருங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கவுதாரிச் சத்தத்தை வைத்துத் திசை சொல்லும் பிள்ளை ஒன்று வளர்ந்தால் உங்கள் தாத்தாவின் கல்வி அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மூன்றாவது, நிலம். வரப்பின் ஓரத்தைச் செதுக்காமல் விடும்படி நிலம் வைத்திருக்கும் உறவுக்காரர்களிடம் கேளுங்கள். சித்திரையிலும் வைகாசியிலும் புல்லுக்குத் தீ வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாதங்களில் வேட்டை நாயையும் ஆட்டு நாயையும் தரிசில் அவிழ்த்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். கறி வேண்டுபவர்களுக்குப் பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை கடையில் கிடைக்கிறது. காட்டுப் பறவையை மறைவாக விற்பவரிடம் வாங்குகிற பழக்கம் முதலில் நம் வீட்டில் நிற்க வேண்டும்.

தம்பி, பஞ்ச காலம் வந்தபோது விதை நெல்லைத் தொடாதவர்கள்தான் அடுத்த மழைக்கு விதைத்தார்கள். உங்கள் ஊரில் மிச்சமிருக்கும் கவுதாரிக் கூட்டம் அப்படிப்பட்ட விதை. இந்த ஆண்டு அதைத் தொடாமல் விட்டவன், அதன் பின்னாலேயே நடந்து கற்றவன் என்றால், அவன்தான் நல்ல வேட்டைக்காரனின் பேரன் என்று நான் சொல்வேன்.

மீன்பிடித் தடை தொடங்கும் ஏப்ரல் 15 அன்று உங்கள் முதல் விடியல் நடையைத் தொடங்குங்கள். படகு கரையில் நிற்கும் நண்பர்களுக்கும் அப்போது நேரம் இருக்கும், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடை முடியும்போது குறிப்பேட்டில் இருப்பதை எனக்கு எழுதுங்கள். அதை வெளியிட்டு, மாவட்ட வனத்துறை கவனத்துக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்