நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்

ஆனேக்கல்

அன்புள்ள மருமகளே,

கட்டட வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்களின் பிள்ளைகளுக்காக நடக்கும் தொண்டு நிறுவனத்தில் உனக்கு வேலை கிடைத்திருப்பதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், "சேவைதானே அத்தை, கேட்கக் கூச்சமாக இருந்தது" என்கிறாய். கூச்சப்பட இதில் எதுவுமே இல்லை. கர்நாடகத்தில் பெண்களுக்குப் பஸ் இலவசம், சரி. சந்தாபுரத்தில் வீட்டு வாடகையை யார் இலவசமாக்கினார்கள்?

நம் பெங்களூரில் கிளம்பிய ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊழியர்கள் தொழிலாளர் சட்டத்தின்படி நியாயம் கேட்டபோது, குடிநீர் வாரியம் "நாங்கள் நடத்துவது தொழிலே அல்ல, அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்றது. உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் விசாரித்து 1978 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதில் தரும நிறுவனங்களையும் விடவில்லை. லாபத்தைத் தருமத்துக்குக் கொடுப்பவை ஒரு வகை. ஏழைகளுக்கு இலவசமாகச் செய்துவிட்டு, வேலைக்கு மட்டும் மற்ற இடங்களைப் போலக் கூலிக்கு ஆள் வைப்பவை இன்னொரு வகை. இரண்டும் தொழிலே என்றார். கூலியை எண்ணாமல், கொள்கைப் பிடிப்பால் மட்டுமே எல்லோரும் உழைக்கிற இடத்துக்குத்தான் விலக்கு. எனக்கு அது மிக நியாயமாகப் படுகிறது. தருமம் செய்ய நினைத்தவர் நிறுவனர். அந்தப் புண்ணியத்துக்குச் சமையற்காரம்மா ஏன் தன் கூலியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்?

அந்தக் கதவு இப்போது ஒடுங்கிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, தரும, சமூக சேவை அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் 'தொழில்' என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டது. லாப நோக்கில்லாத சமூகநல நிறுவனங்களுக்கு 1965 போனஸ் சட்டமே விலக்குக் கொடுத்திருந்தது. ஆகவே நியமனக் கடிதத்தில் எழுதியிருப்பதுதான் உனக்குப் பெரிய துணை.

அரசாங்கமும் நல்ல உதாரணம் காட்டவில்லை. அங்கன்வாடி ஊழியருக்கு 2018 அக்டோபரில் மத்திய அரசு உயர்த்திக் கொடுத்ததே மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. அதற்கு மேல் மாநிலம் பார்த்துப் போடுவதுதான். அவர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று 2006-இல் முடிவானதும் ஒரு கர்நாடக வழக்கில்தான். 2022 ஏப்ரலில்தான் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

உன் நிறுவனத்தார் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதே. பணம் கொடுப்பவர்கள் அவர்கள் கையையும் கட்டிப்போடுகிறார்கள். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த இடம் 2020-இல் 20 ஆகச் சுருங்கியது. மருத்துவமனை டாக்டர், பள்ளி ஆசிரியர் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. கணக்கர், மேலாளர் சம்பளம் சேரும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் பேசப்படும் 5 சதவீதமோ கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கான வரம்பு. அதைத் தொண்டு நிறுவனத்தின் தலையில் வைத்து, "சம்பளத்தைக் குறையுங்கள், பணம் ஏழைக்குப் போகட்டும்" என்பார்கள். தாய் வேலைக்குப் போனபின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்தான் அந்த ஏழைக்குப் போய்ச் சேரும் உதவி. அவளுடைய சம்பளத்தை வெட்டினால் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவாள். பிள்ளைகள் மறுபடியும் புது முகத்தோடு பழக வேண்டும்.

திங்கட்கிழமை போகும்போது கேள். வேலை திட்டக்காலம் வரைக்குமா, நிரந்தரமா? திட்டக்காலம் என்றால், புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி பணிக்கொடைக்கு ஐந்தாண்டு நிபந்தனை கிடையாது. அதைக் கடிதத்தில் எழுதச் சொல். இருபது பேர் இருந்தால் வருங்கால வைப்பு நிதி பிடித்தாக வேண்டும். நிறுவனப் பங்கையும் உன் சம்பளத்திலிருந்தே கழிக்கிறார்களா என்று பார். முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கி, ஒரு பகுதியை 'நன்கொடை' என்று திரும்பக் கேட்கும் இடங்களும் உண்டு. அப்படிக் கேட்டால் அங்கே சேராதே.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கடிதத்தின் நகலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

உன் அத்தை