நிறுத்தலும் திருப்பலும்: பழைய பாரவண்டியைச் செப்பனிடுவோர்க்கு ஒரு பாடம்

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் டவுண் ரதவீதிகளில் அசைந்து வருதலைக் காணாத திருநெல்வேலி மாணாக்கர் மிகச் சிலரே. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுப்பர். கூடியிருப்போர் கண்கள் யாவும் அவர்கள்மீதே செல்லும். ஆயினும், சக்கரத்தருகே குனிந்து நின்று, உரிய கணத்தில் முட்டுக்கட்டை இடுவார் சிலர் உளர். தேரை நிறுத்துவோரும் அவரே; வீதி முனையில் அதனைத் திருப்புவோரும் அவரே. இழுப்பதற்குப் பலர் வேண்டும்; நிறுத்தவும் திருப்பவும் சிலர் போதும். அச்சிலர் தவறினாலோ பலருடைய முயற்சியும் அபாயமாகவே முடியும்.

மோட்டார் வண்டியின் இயல்பும் இதுவே. எஞ்சின் என்பது வடம் பிடிக்கும் கூட்டம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் முட்டுக்கட்டை இடுவோர். பழைய வண்டியொன்றை வாங்கிப் புதுப்பிக்க முற்படுவோர் பெரும்பாலும் எஞ்சினிலும் வர்ணத்திலுமே பொருளைச் செலவிடுகின்றனர். அதனால் விளைவது யாது என்பதை நாம் ஒருமுறை கண்ணாரக் கண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் நண்பர் ஒருவர் 1950ஆம் ஆண்டின் செவ்ரோலே பிக்கப் வண்டியொன்றை அழகுறப் புதுப்பித்து, நம்மையும் அருகே அமர்த்திக்கொண்டு ஜங்ஷனுக்கு ஓட்டி வந்தார். ஈரடுக்குப் பாலத்தின் சரிவில் இறங்குங்கால் அவர் பிரேக்குக் கட்டையை மிதித்தார்; அது யாதொரு தடையுமின்றித் தரைப்பலகை வரையிற் சென்றது. கைப்பிரேக்கை இழுத்தும், கியரைத் தாழ்த்தியும், ஒரு தள்ளுவண்டியின்மேல் மோதி வண்டி நின்றது. எவர்க்கும் ஊறு நேரவில்லை. பின்னர்ப் பார்த்தபொழுது, பின்சக்கரம் ஒன்றின் வீல் சிலிண்டரில் இருந்த சிறு ரப்பர் வளையம் கிழிந்து, எண்ணெய் முழுதும் வடிந்து போயிருந்தது. சில ரூபாய் விலையுள்ள ஒரு வளையம் நான்கு சக்கரங்களின் தடையையும் ஒருங்கே அழித்துவிட்டது. அந்நாளின் படிப்பினையே இக்கட்டுரைக்குக் காரணம்.

தடையின் தத்துவம்

பிரேக்கு செய்யும் தொழில், ஓட்டத்தின் சக்தியை உஷ்ணமாக மாற்றுதலே. அச்சக்தி வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். 1,500 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுங்கால் அதன் சக்தி 75,000 ஜூல்; 72 கிலோமீட்டர் வேகத்திலோ 3,00,000 ஜூல். வேகம் இரட்டித்தால் தடையின் வேலை நான்கு மடங்காகின்றது.

மலைப்பாதையில் இக்கணக்கு இன்னும் கடுமையாகும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் நடைபெற்ற நாளில், ஜீப்புகளும் லாரிகளும் மணிமுத்தாற்றை நோக்கி வளைந்து வளைந்து இறங்கியதை நம்மில் பலர் அறிவர். மேற்கூறிய வண்டி 1,000 மீட்டர் உயரத்தினின்று இறங்குவதாகக் கொள்வோம். அவ்விறக்கத்தில் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 1 கோடியே 47 லட்சம் ஜூல். 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியை ஏறத்தாழ 200 முறை நிறுத்துவதற்கு அஃது ஒப்பாகும். இவ்வளவையும் பிரேக்கின்மேற் சுமத்தினால் டிரம் பழுத்துக் காயும். லைனிங் பிடியை இழக்கும். ஆகவேதான், எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்குக என்று பழைய டிரைவர்கள் கற்பித்தனர். எவ்வளவு சிறந்த பிரேக்கைப் பூட்டினும் இவ்விதி மாறாது.

கால் கொடுக்கும் அமுக்கத்தை நான்கு சக்கரங்களுக்கும் எடுத்துச் செல்வது திரவம். மூடிய திரவத்தில் ஓரிடத்திற் கொடுத்த அமுக்கம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்று 17ஆம் நூற்றாண்டிற் பாஸ்கல் கண்ட உண்மையே இதற்கு அடிப்படை. தொடக்க கால மோட்டார்களில் கம்பியும் கோலுமே இத்தொழிலைச் செய்தன. செவ்ரோலே கார்கள் 1936ஆம் ஆண்டிலும், போர்டு கார்கள் 1939ஆம் ஆண்டிலும் திரவப் பிரேக்கை ஏற்றன.

இங்கே மாணாக்கர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்த்தல் நலம். கால் 40 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தருகின்றது. பிரேக்குக் கட்டையின் நெம்புதலால் அஃது ஆறு மடங்காகி 240 கிலோ ஆகின்றது. மாஸ்டர் சிலிண்டரின் துளை ஓர் அங்குலமாயின் அதன் பரப்பு ஏறக்குறைய 5 சதுர சென்டிமீட்டர். அமுக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 48 கிலோ. பெரிதே சிறந்தது என்று எண்ணி ஒன்றேகால் அங்குலத் துளையுள்ள சிலிண்டரை மாட்டினால், பரப்பு 8 சதுர சென்டிமீட்டரை நெருங்கி, அமுக்கம் 30 கிலோவாகக் குறையும்! கட்டை கல்லைப்போல் உறுதியாயிருக்கும்; வண்டியோ எளிதில் நில்லாது. பெரிய துளை மிகுந்த எண்ணெயைத் தள்ளும். சிறிய துளை மிகுந்த அமுக்கத்தைத் தரும். சக்கரத்தில் உள்ள சிலிண்டருக்கு எது பொருந்துமோ அதுவே நன்று.

பிரேக்கைத் திருத்தும் முறை

1947 முதல் 1955 வரையில் வெளிவந்த செவ்ரோலே பாரவண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் தரைப்பலகையின் அடியிலே மறைந்திருக்கின்றது. கண்ணிற் படாததனால் கவனத்திலும் படுவதில்லை. அன்றியும், நான்கு சக்கரங்களுக்கும் அஃது ஒரே வழியாய் எண்ணெயை அனுப்புவது. ஆகவே முதலிற் செய்யத்தக்க திருத்தம், முன்சக்கரங்களுக்கு ஒன்றும் பின்சக்கரங்களுக்கு ஒன்றுமாக இரண்டு அறைகள் கொண்ட மாஸ்டர் சிலிண்டரை அமைத்தலே. ஒருவழி ஒழுகினும் மறுவழி நிற்கும். அமெரிக்க நாட்டில் 1968ஆம் ஆண்டு முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. நம் நண்பரின் வண்டியில் இஃது இருந்திருப்பின், அன்று முன்பிரேக்காவது பிடித்திருக்கும்.

பலரும் விரும்பும் திருத்தம் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கு. டிஸ்க் காற்றில் விரைவில் ஆறும். நீரில் நனைந்தாலும் பிடியை விரைவில் மீட்கும். ஆயினும் இம்மாற்றம் தனியே வருவதன்று. டிரம் பிரேக்கில், சுழலும் டிரம்மே ஷூவைத் தன்பால் இழுத்து அமுக்கத்தைப் பெருக்கும். டிஸ்க்கில் அவ்வுதவி இல்லை. ஆதலின் மிதிக்கும் விசை மிகுதியாக வேண்டும். அதன்பொருட்டு வாக்குவம் பூஸ்டர் வேண்டும். தரைக்கடியில் உள்ள மாஸ்டர் சிலிண்டர் டிஸ்க்கின் காலிப்பருக்குத் தாழ்வாக இருப்பின், எண்ணெய் திரும்பி வடியாதிருக்க ஒரு வால்வு வேண்டும். பிரேக்கு பிடிக்குங்கால் வண்டியின் பாரம் முன்னே சாய்வதனால், வெறும் வண்டியின் பின்சக்கரங்கள் இலேசாகிப் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்புறம் சுழலும். இதனைத் தடுக்கப் பின்வழியின் அமுக்கத்தைக் குறைக்கும் வால்வும் வேண்டும். ஓர் உறுப்பைப் பலப்படுத்தினால், பலவீனம் அழிவதில்லை. அடுத்த உறுப்பிற்கு இடம்பெயர்கின்றது. இதுவே இப்பாடத்தின் சாரம்.

புதியதை வாங்குமுன் பழையதைச் சோதித்தல் கடமை. ரப்பர் குழாய்கள் வெளியே நலமாய்த் தோன்றினும் உள்ளே வீங்கி அடைபட்டிருக்கலாம். அப்பக்கச் சக்கரம் கட்டையை விட்ட பின்னரும் பிடித்தபடியே இருக்கும். வளைத்தற்கு எளிது என்று வெறும் செப்புக் குழாயை இடுதல் கூடாது. அதிர்வினால் அது வெடிக்கும். பிரேக்கு எண்ணெய்க்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றுதல் பெருந்தவறு. ரப்பர் யாவும் ஊதிக் கெடும். பிரேக்கு எண்ணெயும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 என்னும் தரத்து எண்ணெய் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்த எண்ணெயில் ஆவிக்குமிழ் உண்டாகி, கட்டை பஞ்சுபோல் அமுங்கும். வண்டி ஓடினும் ஓடாவிடினும், இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுக. கைப்பிரேக்கின் கம்பியை மாத்திரம் எக்காரணத்தாலும் நீக்கற்க. எண்ணெய் முற்றும் போன நாளில் உயிர்த்துணையாவது அதுவே.

திருப்புங்கருவியின் இலக்கணம்

தேரின் அச்சு திரும்பாது. ஆதலின் முட்டுக்கட்டையால் சக்கரத்தைச் சறுக்கித் திருப்புகின்றனர். மோட்டார் வண்டியின் முன்சக்கரங்களோ திரும்புவன. வளைவில் உட்சக்கரம் சிறு வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரு வட்டத்திலும் செல்வதனால், உட்சக்கரம் சற்று மிகுதியாகத் திரும்ப வேண்டும். இவ்வமைப்பை ஜெர்மானியரான லாங்கென்ஸ்பெர்கர் கண்டார். 1818ஆம் ஆண்டில் ஆக்கர்மன் என்பார் இங்கிலாந்தில் அதற்கு உரிமை பெற்றமையால் அவர் பெயரே நிலைத்தது.

பழைய வண்டியின் ஸ்டியரிங் சக்கரம் நாலு விரல் அகலம் சும்மா ஆடுமாயின், ஸ்டியரிங் பாக்ஸையே பலர் குறை கூறுவர். குற்றம் பெரும்பாலும் கிங் பின்னிலும், டை ராடு முனைகளிலும், டிராக் லிங்க்கிலும் சிறிது சிறிதாகப் பரந்திருக்கும். வண்டியை ஜாக்கியால் தூக்கி, முட்டுக் கொடுத்து, முன்சக்கரத்தை மேலும் கீழும் பற்றி ஆட்டுக. ஆட்டம் தோன்றின், ஒருவரைப் பிரேக்கு மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுக. ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கில், நில்லாவிடிற் கிங் பின்னில். பக்கவாட்டில் ஆட்டுங்கால் டை ராடின் தேய்வு தெரியும். இவற்றைப் புதுப்பித்து, முன்சக்கரங்களின் சாய்வையும் நேரையும் அளந்து சரிசெய்தால், பாதி வண்டிகளுக்கு வேறு திருத்தமே வேண்டியதில்லை.

முன்சக்கரம் நடுங்குமாயின் டாம்பரை மாட்டி அதனை அடக்குதல் சுரத்தை மறைத்து நோயை விட்டுவைத்தலாகும். பவர் ஸ்டியரிங் விரும்புவோர், அதன் விசை முழுவதும் பழைய சாசியில் ஓரிடத்திற் பாயும் என்பதை மறவாது, அவ்விடத்தில் வெடிப்பு உண்டா எனக் காண வேண்டும். தேய்ந்த ஸ்டியரிங் உறுப்புகளை வெல்டிங் செய்தல் ஒருகாலும் ஆகாது. டை ராடின் நட்டைத் திருகியபின், அதன் குறுக்கே இடும் சிறு பின்னை மறத்தலும் ஆகாது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்னும் பழமொழி இப்பின்னுக்கு முற்றும் பொருந்தும்.

பிரேக்கும் ஸ்டியரிங்கும் இருவேறு பாடங்கள் அல்ல என்பதையும் காண்க. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப் பிடியாத பிரேக்கு வண்டியை ஒருபுறம் இழுக்கும். தேய்ந்த கிங் பின் அவ்விழுப்பைப் பெரிதாக்கும். ஒன்றைத் திருத்தி மற்றொன்றை விடுதல் பாதி மருத்துவமே.

சட்டமும் பழமையும்

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதற் பதிவு செய்து 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு பெறலாம். ஆனால் சாசியோ, உடற்கூடோ, எஞ்சினோ மாற்றப்படாது மூல உருவிலேயே இருத்தல் வேண்டும். சாசியை அறுத்து வேறு வண்டியின் முன்பாகத்தை ஒட்டுவோர் இவ்வுரிமையை இழப்பர். மேலும், பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுதலை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கின்றது. ஆதலின் எம்மாற்றத்திற்கும் முன்னர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தறிக. பழைய துளைகளிலேயே போல்ட்டால் பூட்டி, வேண்டுங்கால் கழற்றத்தக்க திருத்தங்களையே செய்க. கழற்றிய உறுப்புகளை எறியாது காத்து வைக்க.

பழமையைக் கெடாமற் பலப்படுத்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்தனர். தேரின் உருவம் மாறவில்லை. திருப்புதற்கு அங்கும் முட்டுக்கட்டையே துணை. நம் ஜில்லாவிற்கும் இத்துறையில் ஒரு பெருமை உண்டு. 1911ஆம் ஆண்டில் டி. வி. எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார் திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் குடும்பத்தார் ஆங்கில நாட்டுக் கர்லிங் நிறுவனத்தின் துணைகொண்டு 1962ஆம் ஆண்டில் சென்னைப் பாடியில் நிறுவிய பிரேக்ஸ் இந்தியா, இந்நாட்டு வண்டிகளுக்குப் பிரேக்கு வார்த்துத் தருகின்றது.

முடிவாக ஒன்று. செப்பனிட்ட வண்டியை உடனே பெருவழிக்குக் கொண்டு செல்லற்க. முதலில் ஆளில்லாத வெளியில் நடைவேகத்தில் நிறுத்திப் பார்க்க. பின்னர் 20, 30, 40 கிலோமீட்டர் என வேகத்தை உயர்த்துக. ஒவ்வொரு முறையும் இறங்கி, நான்கு டிரம்களின் சூட்டையும் குழாய்களின் கசிவையும் காண்க. அதன்பின் சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டைக்கு வரலாம். மலைப்பாதை இன்னும் சில நாள் காத்திருக்கட்டும். நம் நண்பரின் வண்டி இப்பொழுது அவ்வாறே செப்பனிடப்பட்டு ஓடுகின்றது. அதன் எஞ்சினைப் புகழ்வோர்க்கு அவர் விடையளிப்பதில்லை. கட்டையை ஒருமுறை மிதித்துப் பாருங்கள் என்று மாத்திரம் சொல்கின்றார்.